லூசியானா: கிரயமானது நிலமா, மேல்வாரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அட்லாண்டிக் கரையோரத்துப் பதின்மூன்று மாநிலங்களாகத் தொடங்கிய அமெரிக்கா, ஒரே நூற்றாண்டில் பசிபிக் கரை வரை பரவிய கதையைச் சொல்லும் கட்டுரை ஒன்று சென்ற ஞாயிறு தங்கள் இணைப்பில் வெளியாகியிருந்தது. எங்கள் வீட்டில் அதை முதலில் படித்தவள் என் பேத்தி. லூசியானா நிலப்பரப்பை அமெரிக்கா பிரான்சிடமிருந்து 1803இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு, அதாவது ஏக்கர் ஏறத்தாழ மூன்று சென்ட் விலைக்கு வாங்கியது என்ற வரியை வாய்விட்டுப் படித்தவள், "நூறு சென்ட்தானே தாத்தா ஒரு ஏக்கர்? மூணு சென்டைக் கொடுத்து நூறு சென்டை எப்படி வாங்கினாங்க?" என்று கேட்டாள். அங்கே சென்ட் என்பது காசு என்று விளக்கிவிட்டு நானும் சிரித்தேன். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிட முடியவில்லை. கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. எனினும், 'வாங்கியது' என்ற சொல்லை அவர் எங்கெல்லாம் எழுதியிருக்கிறாரோ அங்கெல்லாம் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதே என் கருத்து.

நம் ஊரில் ஒரு கிரயம் என்றால் விற்பவருக்கு மூலப்பத்திரம் இருக்கிறதா, நிலம் அவருடைய சுவாதீனத்தில் இருக்கிறதா, நான்கெல்லை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கூடக் கொடுக்க மாட்டார்கள். லூசியானா கிரயத்தில் இந்த மூன்றும் தடுமாறுகின்றன. உடன்படிக்கை 1803 ஏப்ரல் 30 தேதியிட்டது. அன்று நியூ ஆர்லியன்ஸில் பறந்தது ஸ்பெயினின் கொடி. ஸ்பெயின் அந்த நிலத்தை முறைப்படி பிரான்சிடம் ஒப்படைத்தது நவம்பர் 30ஆம் தேதி. பிரான்ஸ் அதை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது டிசம்பர் 20ஆம் தேதி. விற்றவரின் சுவாதீனம் மொத்தமே இருபது நாள். எல்லையைப் பற்றியோ பேசவே வேண்டாம். எது வரை எங்கள் நிலம் என்று அமெரிக்கத் தூதர்கள் கேட்டதற்கு, நல்ல பேரம்தான் முடித்திருக்கிறீர்கள், அதைக்கொண்டு முடிந்த மட்டும் பயனடைந்துகொள்வீர்கள் என்ற பொருளில் மழுப்பி விடையளித்தார் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலேராண். வடக்கே பிரிட்டனோடு ராக்கி மலை வரை 49ஆவது அட்சக்கோடு எல்லையாக முடிவானது 1818இல். மேற்கே ஸ்பெயினோடு சபீன், சிவப்பு, ஆர்கன்சா ஆறுகளின் வழியாக எல்லை எழுதப்பட்டது 1819இல். பதினாறு ஆண்டுகள் நான்கெல்லை இல்லாமலே ஒரு பத்திரம் நடமாடியிருக்கிறது. நான் பணியில் இருந்தபோது அப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால், திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனால் முதன்மையான குறை இதுவன்று. எட்டு லட்சம் சதுர மைலுக்கு மேற்பட்ட, நம் தமிழ்நாட்டைப் போல் பதினாறு மடங்கான அந்த நிலத்தில், பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்தது ஆற்றங்கரைகளில் சில ஊர்களில் மட்டுமே. மற்ற இடமெல்லாம் ஓசேஜ், பாவ்னி, லகோட்டா, செயென் முதலிய மக்களின் ஊர்களும் சோளக் கொல்லைகளும் வேட்டைக் காடுகளுமாக இருந்தன. அவர்களில் ஒருவரும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. அப்படியானால் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது என்ன? காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. நம் முன்னோர் காலத்தில் ஒரே வயலின்மேல் மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டு உரிமைகள் இருந்தன. விளைச்சலில் பங்கு வாங்கும் உரிமை ஒருவருக்கு, உழுது பயிரிட்டு அனுபவிக்கும் உரிமை இன்னொருவருக்கு. பிரான்ஸ் விற்றது ஏறக்குறைய மேல்வாரத்தை மட்டுமே. அதையும் அது ஒழுங்காக வசூலித்ததில்லை.

இது நான் கற்பித்துச் சொல்வதன்று. 1823இல் ஜான்சன் எதிர் மெக்கின்டோஷ் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இதைத்தான் சட்டமாக்கினார். நிலத்தை முதலில் 'கண்டறிந்த' ஐரோப்பிய அரசுக்கும் அதன் வாரிசான அமெரிக்காவுக்குமே மேலுரிமை உண்டு. பூர்வகுடிகளுக்கு இருப்பது குடியிருந்து அனுபவிக்கும் உரிமை. அதையும் அவர்கள் விற்க நினைத்தால் அமெரிக்க அரசுக்கு மட்டுமே விற்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். நம் குடிவாரத்தோடு இதை ஒப்பிடுவது ஓரளவுக்குத்தான் பொருந்தும். நம் குடிவாரத்தைப் பிள்ளைகளுக்கு விட முடிந்தது, பல இடங்களில் யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடிந்தது. வாங்குபவர் ஒருவர்தான், விலையைச் சொல்பவரும் அவரேதான் என்ற சந்தை நம்மிடம் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட கிரயம் நமக்குப் புதிதும் அல்ல. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் அனுமதி பெற்று, ஆண்டுதோறும் பகுதிப்பணம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845இல் அதையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அதே 1845இல்தான் அமெரிக்கா டெக்சஸைத் தன்னோடு இணைத்துக்கொண்டது என்பதையும், கண்டம் முழுவதும் பரவுவது தங்களுக்கு 'விதிக்கப்பட்டது' என்று ஓசல்லிவன் என்ற இதழாசிரியர் எழுதியது அதே ஆண்டில்தான் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் காலத்தின் காற்று எப்படி வீசியது என்பது புலப்படும்.

அளவை பற்றிக் கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதில் சற்று மனக்குறை. நான் பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் கன்டர் சங்கிலி ஒன்று இருந்தது. 66 அடி நீளம், நூறு கண்ணி, இரு முனையிலும் பித்தளைப் பிடி, பத்துப் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. நடவு முடிந்த சேற்றில் அதை இழுத்துப் பிடித்தால் நடுப்பகுதி தொய்ந்து அளவு கூடும். சித்திரை வெயிலில் இரும்பு நீண்டு அளவு குறையும். கண்ணிகள் தேய்ந்து நீண்டுபோன சங்கிலியால் அளந்தால் உழவருக்குக் கணக்கில் அரைக் குழி குறைந்துவிடும், ஆனால் வயல் குறையாது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், எண்பது சங்கிலி ஒரு மைல். இதே சங்கிலியைத்தான் அமெரிக்க அளவர்களும் ஒஹையோவிலிருந்து மேற்கே இழுத்துக்கொண்டு போனார்கள். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக ஒரு வட்டாரம், அதற்குள் 36 கட்டம், ஒரு கட்டம் 640 ஏக்கர். ஆறு குறுக்கிட்டாலும் மலை குறுக்கிட்டாலும் கோடு வளையாது. நம் புல வரைபடங்களோ வாய்க்கால் வளைந்த இடத்தில் வளையும், அரசமரத்தைச் சுற்றி ஒதுங்கும். நடந்து நடந்து மக்கள் உண்டாக்கிய எல்லையைப் பின்னால் வந்து அளந்தது நம் அளவை. யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் முன்பே கோடு போட்டு, கட்டத்துக்கு எண் கொடுத்து, விற்பனைக்கு வைத்தது அந்த அளவை. 1862ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் பட்டா என்று வாரி வழங்கியதே, அந்த 160 என்ற எண்ணும் இந்தக் கட்டத்தின் கால் பங்குதான். நம் கணக்கில் 24 வேலி. தஞ்சையில் 24 வேலிக்காரர் என்றால் அந்தக் காலத்தில் மிராசுதார்.

மெக்சிகோ விவகாரத்தைக் கட்டுரை 'எல்லைத் தகராறு முற்றிப் போரானது' என்று ஒரே வாக்கியத்தில் கடந்து செல்கிறது. தகராறு எந்த எல்லையில் என்று சொல்லியிருக்க வேண்டும். டெக்சஸ் 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது. (நம் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்த ஆண்டும் அதுதான்.) டெக்சஸின் தென் எல்லை நியூசெஸ் ஆறு என்றது மெக்சிகோ, அதற்கும் தெற்கே ஓடும் ரியோ கிராண்டே என்றது டெக்சஸ். அந்த இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்துக்கு 1846இல் அதிபர் போல்க் படையை அனுப்பினார். அங்கே மோதல் நடந்ததும், அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று சொல்லிப் போர் தொடுத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில், இல்லினாயிலிருந்து மக்களவைக்குப் புதிதாக வந்திருந்த உறுப்பினர் ஒருவர், ரத்தம் சிந்திய அந்த இடம் எது என்று காட்டச் சொல்லித் தீர்மானங்கள் கொண்டுவந்தார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். அவர் கேட்ட கேள்விகளை ஒரு நில அளவர் கேட்டதாகச் சொன்னாலும் நம்பலாம். இளமையில் அவர் அந்த வேலையையும் பார்த்தவர்தானே. அந்த இடத்து மக்கள் எப்போதாவது டெக்சஸுக்கோ அமெரிக்காவுக்கோ வரி கட்டியிருக்கிறார்களா, வாக்களித்திருக்கிறார்களா, அமெரிக்கப் படை வருவதைப் பார்த்து வீட்டையும் நின்ற பயிரையும் விட்டு ஓடியவர்கள்தானே அவர்கள் என்றெல்லாம் கேட்டார். எங்கள் வழக்கில் சொன்னால் கிஸ்தி ரசீதைக் காட்டு என்பதுதான். போல்க் காட்டவில்லை.

1848 பிப்ரவரி 2 அன்று குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கையில் போர் முடிந்தது. மெக்சிகோ, டெக்சஸையும் சேர்த்துக் கணக்கிட்டால், தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது. அமெரிக்கா கொடுத்த தொகை இங்கும் ஒன்றரைக் கோடி டாலர். இதையும் கட்டுரை 'வாங்கியது' என்றே எழுதுகிறது. தலைநகரில் எதிரியின் படை உட்கார்ந்திருக்கும்போது எழுதிக்கொடுத்த பத்திரத்தை நம் நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அந்த உடன்படிக்கையோடு இணைத்த வரைபடத்தின் கதையையும் நான் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் டிஸ்டர்னெல் என்பவர் 1847இல் வெளியிட்ட படம் அது. எல் பாசோ என்ற ஊரை அதில் உண்மையான இடத்திலிருந்து ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது முப்பது மைலுக்கு மேல், வடக்கே தள்ளிக் குறித்திருந்தார்கள். எல்லையோ அந்த ஊருக்கு வடக்கே தொடங்குவதாக உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. படத்தில் உள்ள ஊரிலிருந்து அளப்பதா, மண்ணில் உள்ள ஊரிலிருந்து அளப்பதா? இரு தரப்பு ஆணையர்களும் ஒருவழியாகச் சமரசத்துக்கு வந்தபோது, அமெரிக்காவின் நில அளவர் கிரே அதில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அவர் சொன்னது தம் நாட்டுக்குச் சாதகமான வாதம்தான் என்றாலும், மேலதிகாரி ஒப்புக்கொண்டதைக் கள அளவர் மறுத்தார் என்பதைப் படித்தபோது எனக்குள் ஒரு தொழில் மரியாதை எழுந்தது உண்மை. கடைசியில் 1853இல் ஒரு கோடி டாலர் கொடுத்து, ஏறத்தாழ முப்பதாயிரம் சதுர மைலைக் கேட்ஸ்டன் உடன்படிக்கை வழியே பெற்று அந்தத் தகராறை மூடினார்கள். தெற்கு வழியாக ரயில் பாதை போடவும் அந்த நிலம் தேவைப்பட்டது.

கலிபோர்னியாவில் மெக்சிகோ அரசு வழங்கிய மானிய நிலங்களை வைத்திருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். 1851ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையை மெய்ப்பிக்கும் பொறுப்பை அனுபவதாரர்மேலேயே சுமத்தியது. அவர்களிடம் இருந்தது கையால் வரைந்த ஒரு படம்; ஓடை இங்கே, ஓக் மரம் இங்கே, குன்று இங்கே என்று குறித்த படம். 813 கோரிக்கைகள் பதிவாயின. ஒரு வழக்கு முடியச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. வென்றவர்களிலும் பலர், வழக்கறிஞர் கட்டணத்துக்கே நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் கூட இல்லை.

ரியோ கிராண்டே எல்லையாயிற்று. ஆனால் ஆறு ஓரிடத்தில் நிற்குமா? எல் பாசோவுக்கும் எதிர்க்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகருக்கும் நடுவே அது தெற்கு நோக்கி நகர்ந்தது. 1864 வெள்ளத்தில் பெரிதாக நகர்ந்தது. மெக்சிகோக்காரரின் சமிசால் என்ற நிலம் அமெரிக்கக் கரையில் போய்ச் சேர்ந்தது. ஆறு மெல்ல மெல்ல வண்டலைச் சேர்த்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், ஒரே வெள்ளத்தில் புது வழி பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும் என்று 1884இல் இரு நாடுகளும் விதி செய்தன. ஆறு நகர்ந்தது மெல்லவா, சட்டென்றா என்று பிறகு வழக்கு. 1911இல் நடுவர்கள் நிலத்தை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 1864க்கு முந்திய ஆற்றின் நடுவை இப்போது எங்கே தேடுவது என்று கேட்டு அமெரிக்கா ஏற்க மறுத்தது. 1963இல்தான் தீர்ந்தது. ஆற்றைக் கான்கிரீட் கால்வாயில் கட்டி, எல் பாசோ பக்கத்தில் ஆயிரக்கணக்கானோரை வீடு மாற்றி, 437 ஏக்கரை மெக்சிகோவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் கொள்ளிடக் கரைப் பெரியவர் ஒருவர் என் நினைவுக்கு வருவார். ஒரு பெருவெள்ளம் வடிந்த பிறகு படுகை நிலத்தை அளக்கப் போயிருந்தேன். அவருக்குப் பட்டா உண்டு, புல வரைபடத்தில் நான்கு கல் உண்டு. நிலத்தில் பாதி வாழையோடு ஆற்றில் போய்விட்டது. எதிர்க்கரையில் புதிதாக மணல் திட்டு எழுந்திருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். மூங்கில் கழியால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் 'டக்' என்று கல்லில் பட்ட ஓசை கேட்டது. "என் வடமேற்குக் கல்லு இங்க இருக்குங்க ஐயா. எழுதிக்குங்க" என்றார். நான் களப் புத்தகத்தில் எழுதினேன். அதற்குமேல் என்னால் எழுத முடிந்தது ஒன்றும் இல்லை. எதிர்க்கரைத் திட்டில் அடுத்த ஆண்டு வேறொருவர் கோரை வெட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கட்டுரையாளர் பிரிட்டனோடு இருந்த தகராறுகள் இணக்கமாக முடிந்தன என்கிறார். அது பெரும்பாலும் சரி. 1846 ஒரிகன் உடன்படிக்கையில் 'வான்கூவர் தீவைப் பிரிக்கும் கால்வாயின் நடு' என்று எழுதிவிட்டு, அங்கே இரண்டு கால்வாய்கள் இருப்பதை மறந்துவிட்டார்கள். இடையில் இருந்த சான் ஹுவான் தீவில் 1859இல் அமெரிக்கர் ஒருவர் தம் உருளைக்கிழங்குப் பாத்தியில் மேய்ந்த பிரிட்டிஷ் கம்பெனியின் பன்றியைச் சுட, போர்க்கப்பல்கள் வந்து நின்றன. செத்தது பன்றி மட்டும்தான். 1872இல் ஜெர்மன் பேரரசர் நடுவராக இருந்து அமெரிக்காவுக்குத் தீர்ப்புச் சொன்னார். பிரிட்டனோடு வந்த வழக்குக்கு நடுவர் கிடைத்தார். ஜார்ஜியா பகுதியின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

செரோக்கி மக்களுக்குச் சொந்த எழுத்து இருந்தது, 1828 முதல் அந்த எழுத்தில் அச்சான செய்தித்தாள் இருந்தது என்பதை ஒரு நாளிதழின் ஆசிரியருக்கு எழுதும்போது குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1830இல் அதிபர் ஜாக்சன், பூர்வகுடிகளை மேற்கே அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1832இல் உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோக்கி நாட்டில் செல்லாது என்று தீர்ப்பளித்தும் பயன் இல்லை. 1835 டிசம்பரில் நியூ எக்கோட்டாவில், செரோக்கி நாட்டின் தலைவர் ஜான் ராஸின் ஒப்புதல் இல்லாமல், அதிகாரமில்லாத சிறு குழு ஒன்று நிலம் முழுவதையும் எழுதிக் கொடுத்தது. பங்காளிகளில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட பொதுச் சொத்துக் கிரயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது செல்லாது என்று 15,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போயிற்று. 1838இல் துப்பாக்கி முனையில் வெளியேற்றினார்கள். நடந்து போனவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் வழியிலும் முகாம்களிலும் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

'இழப்பீடு வழங்கப்பட்டது' என்ற கட்டுரையின் வரிக்கும் ஒரு விளக்கம் தேவை. 1868 லாரமி கோட்டை உடன்படிக்கையில் லகோட்டா மக்களுக்கே என்று ஒப்புக்கொண்ட கருங்குன்றுகளை, 1874இல் தங்கம் தென்பட்டதும், 1877இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அது முறையற்றது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1980இல் ஒப்புக்கொண்டு, வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. நாங்கள் நிலத்தை விற்கவில்லை, எனவே பணம் வேண்டாம் என்று அவர்கள் இன்றுவரை வாங்கவில்லை. வட்டி ஏறி ஏறி அந்தக் கணக்கு இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டி அரசுக் கருவூலத்தில் கிடக்கிறது.

கடைசியாகக் கட்டுரையோடு வந்த வரைபடம். அதில் 1803இன் நிலப்பரப்பு முழுவதும் மஞ்சள் நிறம் தீட்டி, நடுவே ஒரு பெயரும் இல்லாமல் விட்டிருக்கிறீர்கள். எங்கள் புல வரைபடத்தில் புறம்போக்குக்கும் ஓர் எண் உண்டு. தொடரின் அடுத்த பகுதி வரும்போது அந்தப் படத்தை மறுபடியும் அச்சிட்டு, ஓசேஜ், பாவ்னி, லகோட்டா, செயென், குரோ என்று அங்கே இருந்தவர்களின் பெயர்களை அவரவர் இடத்தில் குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படியே, டெக்சஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது 1836 என்று படத்தின் ஓரத்தில் அச்சாகியிருப்பதையும் 1845 என்று திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.